பலூன்காரன் பக்கத்தில் நின்றவர்

மலர்விழிக்கு அந்தப் படம் என்றால் உயிர். கல்யாணத்துக்கு முன்னால் திண்டிவனத்துத் தியேட்டரில் சித்தி மகளோடு பார்த்தது. அப்புறம் டி.வி.யில் எப்போது போட்டாலும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். கதாநாயகி காதலனைத் தேடி அலையும் திருவிழாக் காட்சியை மயிலம் மலை முருகன் கோயிலில், நிஜமான பங்குனி உத்திரக் கூட்டத்துக்குள்ளேயே எடுத்திருந்தார்கள். நம்ம ஊர்ப்பக்கம் என்று அவளுக்கு அதில் தனிப் பெருமை.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் கலைப்பிரியா கிறிஸ்துமஸுக்கு வந்தவள், பெரிய டி.வி. ஒன்றை வாங்கி மாட்டிவிட்டுப் போனாள். "ஒன் படத்த எச்டியில கிளீன் பண்ணிப் போட்டிருக்காங்கம்மா, பாரு."

புருஷன் பிரான்சிஸ் லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் மலர்விழி படத்தைப் போட்டாள். மகள் சொன்னது சரிதான். கதாநாயகியின் புடவை ஜரிகை இழை இழையாகத் தெரிந்தது. முன்பு வெறும் வண்ணத் திட்டாக இருந்த திருவிழாக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் கண்ணும் மூக்கும் முளைத்திருந்தன. பலூன்காரன் பக்கத்தில் ஒரு வாலிபன் நின்றான். இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு. தோளில் கைக்குழந்தை. கனகாம்பரம் வைத்த ஒரு பெண் அவன் கையைப் பிடித்திருந்தாள்.

மலர்விழி படத்தை நிறுத்திவிட்டுக் கிட்டே போனாள். அதே தழும்பு. பிரான்சிஸேதான்.

மத்தியானம் சோறு போடும்போது சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள். "ஏங்க, நீங்க மயிலம் மலைக்குப் போயிருக்கீங்களா?"

"நா எதுக்கு அங்க போறேன்? வேதக்காரனுக்கு அங்க இன்னா வேலை?" சோற்றைப் பிசைந்தவர் நிமிரவே இல்லை.

அந்தப் பொய் அவளுக்குள் முள்ளாக இறங்கியது. அதுவரை கண்ணில் படாததெல்லாம் ஒவ்வொன்றாகப் பட ஆரம்பித்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும் "விழுப்புரத்துல லோடு" என்று போவாரே, அன்றைக்கெல்லாம் லோடு ஆட்டோ வாசலில்தானே நிற்கிறது? பஸ்ஸில் போய் என்ன லோடு ஏற்றுகிறார்? போகும்போது கடலையும் வெல்லமும் பிடித்த மல்லாட்டை உருண்டை வாங்கிப் போவது யாருக்கு? தன்னைக் கட்டுவதற்கு முன்பே ஒரு குடும்பம் இருந்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இப்போது கலைப்பிரியாவைவிட வயது அதிகம் இருக்கும். சட்டையைத் துவைக்கும்போது முகர்ந்து பார்த்தாள். போன் வந்தால் கதவோரம் நின்று கேட்டாள். எதுவும் அகப்படவில்லை. அதுவே இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

அடுத்த ஞாயிறு "விழுப்புரத்துல லோடு" என்று அவர் செருப்பை மாட்டும்போது, "ஒக்காருங்க, ஒண்ணு பாத்துட்டுப் போங்க" என்று அந்தக் காட்சியைப் போட்டு நிறுத்தினாள்.

பிரான்சிஸ் எழுந்து போய், அந்தப் பெண்ணின் முகத்தைத் திரையில் ஒரு விரலால் தொட்டார். "எங்க அக்கா" என்றார். "சவுரியம்மா. காணைங்கற ஊருல ஒரு இந்துப் பையனக் கட்டிக்கினு போயிட்டா. அவ செத்துட்டான்னு சொல்லி அப்பா பூசையே வச்சிட்டாரு. அவளப் பாக்கக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்குனாரு. நம்ம ஜனம் எதுவும் மயிலத்துக்கு வராதுன்னுதான் அங்க போய்ப் பாத்துக்கினு இருந்தேன். தோள்ல இருக்கறது அவ புள்ள. இப்ப விழுப்புரத்துல இருக்கா."

மலர்விழி நம்பவில்லை. மாட்டிக்கொண்ட ஆம்பளைக்கு அக்கா கிடைப்பது பெரிய காரியமா? "நானும் வர்றேன்" என்று புடவை மாற்றிக்கொண்டாள்.

பஸ் விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் அவர் இரண்டு முறை போனை எடுத்தார். "யாருகிட்டயும் பேச வேணாம்" என்று அவள் வாங்கி வைத்துக்கொண்டாள்.

விழுப்புரத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓட்டு வீடு. நரைத்த ஒரு பெண் கதவைத் திறந்தாள். பிரான்சிஸின் அதே தாடை, அதே மேடிட்ட நெற்றி. தம்பியை விட்டுவிட்டு மலர்விழியைத்தான் பார்த்தாள். "மலரா? வாம்மா, உள்ள வா" என்று கையைப் பிடித்து இழுத்தாள். சுவரில், கலைப்பிரியா சின்ன வயதில் சர்ச்சில் புதுநன்மை வாங்கிய அன்று எடுத்த படம் மாட்டியிருந்தது.

மலர்விழிக்கு நெஞ்சு லேசாகி, அடுத்த நிமிஷமே கொதித்தது. இவளுக்குத் தன்னைத் தெரிந்திருக்கிறது. தனக்கு மட்டும்தான் எதுவும் தெரியாது. புருஷனிடம் திரும்பினாள்.

"சத்தியம் வாங்குன மாமா செத்து எத்தன வருசம் ஆவுது? அதுக்கப்புறமும் ஏன் எங்கிட்ட சொல்லல?"

பிரான்சிஸ் தரையைப் பார்த்தார். "மறைச்சி மறைச்சிப் பழகிடுச்சி. ஒன்ன நம்பாம இல்ல, மலரு."

"நம்பலதான்" என்றாள் அவள்.

சவுரியம்மாள் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். பெண்கள் இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து பேசினார்கள். நடுவில் அழுதார்கள். பொழுது சாய்ந்ததும் பிரான்சிஸ் வாசலில் வந்து நின்றார். "கெளம்பலாமா? பஸ் போயிடும்."

"நீங்க போங்க" என்றாள் மலர்விழி. "நா அண்ணிகூட இருந்துட்டு நாளைக்கு வர்றேன்."