சரீபா மீட்ட காப்பு

ஏழு வயதுப் பிள்ளையின் இரண்டு மணிக்கட்டுகளுக்கு அன்றைய விலை இருபத்தையாயிரம் ரூபாய். விலை சொன்னவன் நான்தான். கல்முனைக் கடைத்தெருவில் நகைக்கடை வைத்திருப்பவனுக்கு எதையும் கண்ணாலேயே நிறுத்துவிடும் பழக்கம்.

2009 மே மாதம். யுத்தம் முடிந்ததென்று கொளுத்திய பட்டாசின் தாள் தெருவில் இன்னும் கிடந்தது. சாய்ந்தமருது சரீபா அரச வங்கியின் அடகுச் சீட்டை என் மேசையில் வைத்து, மீட்டு விற்க வேண்டும் என்றாள். பின்னால் அவள் புருஷன் ஜவுபர்.

எங்கள் பக்கத்தில் பவுண்தான் காசு. ரூபாய் அதற்குச் சில்லறை. காப்பைக் கழற்றி அடகுக் கவுண்டரில் நீட்டினால் பத்து நிமிடத்தில் நோட்டு. நெல்லோ மீனோ விற்று நோட்டை நீட்டினால் மறுபடி காப்பு. அரசாங்க முத்திரை குத்திய சீட்டு என்பதால் ஒருவருக்கும் பயமில்லை. சுனாமிக்கு முந்திய வெள்ளிக்கிழமை சரீபாவும் அப்படித்தான் மகள் இன்ஷிராவின் காப்புகளை வைத்து, வலை வாங்க ஏழாயிரம் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை கடல் வலையையும் கொண்டுபோனது, பிள்ளையையும் கொண்டுபோனது. காப்பு மட்டும் வங்கிப் பெட்டகத்தில் பத்திரமாக இருந்தது.

சீட்டைப் புரட்டினேன். “நாலு வருசமா வட்டி மட்டும் கட்டியிருக்கியே தங்கச்சி. ஐயாயிரம் போயிட்டு. உன்னப்போல பத்துப் பேர் இருந்தா பேங்குக்கு இன்னொரு மாடி கட்டலாம்.”

“வீட்டுல வெச்சா நாளும் எடுத்துப் பாப்பன் கலந்தர் காக்கா. பேங்குல கிடந்தா, புள்ள ஓதப் போயிருக்கா எண்டு நெனச்சிக்குவன்.”

“இப்ப என்னத்துக்கு விக்கிறீங்க?”

ஜவுபர்தான் பதில் சொன்னான். “சண்டைக்குள்ள மூடிக்கிடந்த கடல் திறந்துட்டு காக்கா. இனி ஆழத்துக்குப் போகலாமாம். ஒலுவில் ஊருல பழைய போட் இஞ்சின் ஒண்டு நிக்குது, முற்பணம் கேக்கான்.”

“அதே கடலுக்கா?” என் வாய் சும்மா இருக்காது.

“வேற கடல் இரிந்தாச் சொல்லுங்க, அங்க போறன்.”

மூவருமாக வங்கிக்குப் போனோம். முதலும் ஐந்து மாத வட்டியும் நான் கட்டினேன். உறையைக் கிழித்ததும் காப்புகள் கவுண்டரில் உருண்டன. ஒன்றின் விளிம்பில் பல் பதிந்த பள்ளம். சரீபா அதைத் தடவினாள், கையில் எடுக்கவில்லை.

கடைக்குத் திரும்பி நிறுத்தேன். சரியாக ஒரு பவுண், எட்டு கிராம். “மெருகு போட்டா நாளைக்கே ஆரும் வாங்கிருவாங்க” என்றேன், நல்ல செய்தி சொல்வதுபோல.

“இல்ல. உருக்குங்க. எனக்கு முன்னால.”

“உருக்கினாக் கொறையும் புள்ள” என்றான் ஜவுபர். “ஏழு எட்டு நாளைக்கு வீட்டுல அடுப்பெரியிற காசு.”

“கொறையட்டும். இன்னொருத்தர்ட புள்ள அதப் போட்டுட்டு ரோட்டால போறத நான் காணக்கூடா.”

உலையை ஊதினேன். சிறிய வளையங்கள் முதலில் சிவந்தன, பிறகு ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தன. அவள் கண்ணை எடுக்கவில்லை. பள்ளம் இருந்த இடம் எதுவென்று தெரியாமல் எல்லாம் ஒரு மணியாகத் திரண்ட பிறகுதான், “போதும்” என்றாள்.

நான் மணியைக் கவிழ்த்து எடுத்தேன். தீ கொஞ்சம் குடிக்கும் என்று எல்லாரிடமும் சொல்வதையே அவளிடமும் சொன்னேன். தீ பொன்னைக் குடிப்பதில்லை. குறைந்தது, பொன் உருக்கும் மண்கிண்ணமான குகையின் அடியில் ஒட்டி நிற்கும். மாதக் கடைசியில் நான் சுரண்டி எடுப்பேன். வாய் தவறியும் இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. அவள் கேட்கவுமில்லை. காசை எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொண்டு, புருஷனுக்கு முன்னே படியிறங்கினாள்.

அன்றிரவு கொப்பியில் எழுதினேன்: உருக்கிய மணி ஏழு தசம் எட்டு கிராம், இருபத்துநாலாயிரத்து முந்நூற்றி எழுபத்தைந்து. வங்கிக்குக் கட்டியது ஏழாயிரத்து ஐந்நூற்றி இருபத்தைந்து. சரீபா கையில் பதினாறாயிரத்து எண்ணூற்றி ஐம்பது. குகையில் இருநூறு மில்லிகிராம், அறுநூற்றி இருபத்தைந்து ரூபாய். கொடுபடவில்லை.