இரண்டாம் எண் புட்டி

சுண்டு இறந்து நாற்பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. பெற்றவளுக்கு அது இன்னும் தெரியாது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு மார்பிலும் பம்பின் புனல்களை வைத்து அழுத்திக்கொண்டு, சுண்டுவுக்கும் சேர்த்துப் பால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

தங்கை பக்கத்து ஸ்டூலில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக் காத்திருந்தாள்.

“சுண்டு நேத்து எவ்ளோ குடிச்சா?”

“பன்னெண்டு மில்லிக்கா. தடவைக்கு.”

“தடியன்?”

“பதினெட்டு.”

பதினெட்டு உண்மை. பன்னிரண்டு, பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்தது.

பெயர் வைக்கவெல்லாம் யாருக்கும் நேரம் இருக்கவில்லை. எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே அறுத்து எடுத்த குழந்தைகள். பையன் ஆயிரத்து நானூறு கிராம். அவனுக்குத் தடியன் என்று பெயர் வைத்தது அக்காதான். அந்த நிலையிலும் அவளுக்குக் கேலி வந்தது. பெண் ஆயிரத்து நூற்றைம்பது. அவள் சுண்டு. இந்த ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் இல்லை. அந்த மணிநேரமே ஆம்புலன்சில் ஏற்றி, பதினோரு ஸ்டாப் தள்ளியிருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அக்கா ஒவ்வொன்றையும் ஒரு தரம் பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு தையலில் சீழ் வைத்தது; ரத்த அழுத்தம் இறங்கமாட்டேன் என்றது; கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எனவே அக்காவால் செய்ய முடிந்தது பால் எடுப்பது ஒன்றுதான். அதை அவள் ஒரு வேலைபோலச் செய்தாள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, அலாரம் வைத்து.

முதலில் நர்ஸ் கொடுத்தது கையால் அமுக்குகிற பம்ப். டிரிப் ஏறிய கையால் அதை அமுக்கி அமுக்கி மணிக்கட்டு வீங்கியது. வந்தது நாலு சொட்டுச் சீம்பால். அதையும் அக்கா இரண்டு சிரிஞ்சில் சரிபாதியாக உறிஞ்சித் தந்தாள். பார்க்கச் சகிக்காமல் தங்கை கீழே மருந்துக்கடைக்குப் போனாள். வாயைத் திறந்து பேசவே கூச்சப்படுகிறவள். “அக்காவுக்கு” என்று நாலு தடவை சொன்ன பிறகுதான் என்ன வேண்டும் என்பதே வாயில் வந்தது.

கடைக்காரர் கேட்டார்: “ஒத்தையா, ரெட்டையாம்மா?”

“ரெட்டை. ஒரு பையன், ஒரு பொண்ணு.”

“நல்லா இருக்கட்டும். நான் மெஷினைக் கேட்டேன்.”

காது மடல் சிவக்க, ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் எடுக்கிற மின்சாரப் பம்பை வாங்கி வந்தாள். பெட்டியில் வந்த புனல் அக்காவுக்குப் பெரிதாக இருந்தது. காம்போடு சதையையும் சேர்த்து உள்ளே இழுத்தது. தங்கை கைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அளந்து பார்த்து, சின்ன அளவுப் புனலை மாற்றி வாங்கி வந்தாள்.

“மூணு வருஷம் உன்ன சயின்ஸ் படிக்க வெச்சதுக்கு இன்னிக்குத்தான்டி பலன்,” என்றாள் அக்கா. படிக்கவைத்தது அவள்தான். அப்பா அம்மா போன பிறகு, தங்கைக்கு இரண்டுமாக நின்றவள் அவள்.

அடுத்த கட்டிலில் மூன்றாவது பிரசவத்துக்கு வந்திருந்த அம்மாள், மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, “அச்சு அசல் என் வீட்டுக்காரர் குறட்டை. அவருகிட்ட இருந்து தப்பிச்சு இங்க வந்தா, இதுவும் கூடவே வருது,” என்றாள். தையல் வலிக்க வலிக்க அக்கா சிரித்தாள். அன்று முதல்முறையாக நாற்பது மில்லி வந்தது.

அதற்கு மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, சுண்டு மூச்சை நிறுத்திக்கொண்டாள்.

மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கூட இருந்தவர்கள் இரண்டே பேர், தங்கையும் மாமாவும். அக்காவின் கணவர் பஸ் ஓட்டுகிறவர். எவ்வளவு நெரிசலிலும் நிதானம் தவறாத மனுஷர். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் சுவரைப் பார்த்து நின்று சொன்னார்:

“அவகிட்ட மூச்சு விடக் கூடாது, குட்டி. சொன்னா அதிர்ச்சியில பால் நின்னுடும். டாக்டர் என்ன சொன்னாரு? இவனுக்கு அந்தப் பால்தான் மருந்துன்னாரா இல்லையா?”

“சொன்னாரு மாமா.”

“அப்புறம் என்ன? இவனாவது தேறட்டும்.”

அவள் படித்த வரையில் அது பாதி உண்மை. அதிர்ச்சியில் பால் இறங்குவது தடைபடும்; பிறகு திரும்பவும் வரலாம். அந்தப் பாதியை நம்பித் தடியனைப் பணயம் வைக்க அவளுக்குத் தைரியம் இல்லை. தலையாட்டினாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாயே என்பார்கள். இது ஆயிரத்து நூற்றைம்பது கிராம். அதை மறைக்கவே அவளுக்கு நாள் பூராவும் போதவில்லை.

மாமா தப்பித்துக்கொண்டார். டூட்டிக்குப் போய்விட்டார். வார்டுக்கு வந்தால் ஐந்து நிமிடம் நிற்பார். அதற்குள் அவர் போனுக்கு யாரோ கூப்பிடுவார்கள். காலையும் மாலையும் பால் கொண்டுபோகிற வேலை தங்கைக்கு.

புட்டிகளில் அக்கா கையாலேயே லேபிள் எழுதுவாள். தன் பெயர், தேதி, நேரம், குழந்தை 1, குழந்தை 2. இரண்டாம் எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் ‘சுண்டுவுக்கு’ என்றும் எழுதுவாள். பங்கு பிரிப்பதிலும் ஒரு கணக்கு வைத்திருந்தாள். “அவன் தடியன், பொறுத்துப்பான். அவதான் நோஞ்சான்,” என்று இரண்டாம் எண்ணில் கூடுதலாக ஊற்றுவாள்.

செவ்வாய் மாலையும் புதன்கிழமை இரண்டு நடையும் தங்கை பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டாம் எண் லேபிளை உரித்துவிட்டு ஒன்று என்று எழுதி ஒட்டினாள். அவள் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். அங்கே குழாயின் லேபிளை மாற்றுவதைவிடப் பெரிய பாவம் கிடையாது. சேர்ந்த முதல் நாளே அதைச் சொல்லித்தான் கோட்டு கொடுத்தார்கள். ஆனாலும் செய்தாள்.

புதன்கிழமை மாலை, திரும்பி வந்த காலிப் புட்டிகளில் ஒன்றை அக்கா பார்த்துவிட்டாள்; மற்றது இன்னும் பெட்டிக்குள் இருந்தது.

“இது உன் கையெழுத்துல்ல?”

“ஐஸ்ல நனைஞ்சு கிழிஞ்சிடுச்சுக்கா. அதான் புதுசா ஒட்டினேன்.”

“முன்னாடியே சொல்றதுக்கென்ன, லூசு.”

இன்று, வியாழக்கிழமை காலை, பெஞ்சில் உட்கார்ந்து நகத்தால் சுரண்டியபோதுதான் தங்கைக்குத் தெரிந்தது: லேபிள் நனையாமல் இருக்க அக்கா அதன்மேல் டேப் சுற்றியிருந்தாள். சும்மா இல்லை, மூன்று சுற்று. நகம் உடைந்தது, டேப் அசையவில்லை. அதன்மேலேயே புது லேபிளை ஒட்டினாள். ஈரத்தில் அது நழுவி ஐஸோடு போய்விட்டது.

பெரிய ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவருகே நர்ஸ் புட்டிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் படித்தார். செவ்வாய்க்கிழமை காலையிலும் இவர்தான் டூட்டியில் இருந்தார். இரண்டாவது புட்டியில் கை நின்றது.

“இந்த நம்பரை மூடிட்டோமேம்மா.”

“ஒரே பால்தான சிஸ்டர். அவனுக்கே குடுத்துடுங்க.”

“எழுதியிருக்கற குழந்தைக்குத்தான் குடுக்க முடியும். நீ லேப்ல இருக்கேன்னு சொன்னல்ல? உனக்கே தெரியும்.”

தெரியும். அவளும் எத்தனையோ பேரை இப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

“ஒண்ணாம் நம்பர்ல அறுபதுதான் இருக்கு,” என்றார் நர்ஸ். “சாயங்காலம் வரைக்கும் அவனுக்கு நூத்தியெட்டு வேணும். மீதிக்குப் பவுடர் கலக்கறேன், வேற வழியில்ல. இந்த எண்பதையும் ஐஸோடயே எடுத்துட்டுப் போ. அம்மா கையால நம்பரை மாத்தி எழுத வெச்சுக் கொண்டு வா, வாங்கிக்கறேன்.” பிறகு குரலைத் தணித்து, “இன்னுமா சொல்லல?” என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தடியன் மூக்கில் குழாயோடு தூங்கிக்கொண்டிருந்தான். அவன் குடிக்க வேண்டிய எண்பது மில்லி, மூடிவிட்ட ஒரு எண்ணோடு, இவள் பெட்டியில் கிடந்தது. வெளியே வந்து மாமாவுக்குப் போன் செய்தாள். பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்கு நடுவே அவர் எடுத்தார்.

“நீங்க வந்து சொல்லுங்க மாமா. நேத்து வரைக்கும் ஏதோ சமாளிச்சேன். இனிமே முடியாது. தடியனுக்குப் பவுடர் குடுக்கறாங்க.”

“ரெண்டு நாள் போகட்டும் குட்டி.”

“ரெண்டு நாள் கழிச்சு மட்டும்?”

அந்தப் பக்கம் யாரோ விசில் அடித்தார்கள். “அவ மூஞ்சியப் பாத்துச் சொல்ல என்னால ஆகாது,” என்றார் மாமா. “வண்டி எடுக்கணும். வெச்சுடறேன்.”

பதினோரு ஸ்டாப்பும் நின்றுகொண்டே வந்தாள். சீட்டு காலியாக இருந்தது. வார்த்தைகளை ஒத்திகை பார்த்தாள். டாக்டர் பேசுவதுபோல ஒன்று. சுற்றி வளைத்து ஒன்று. எதுவும் அக்காவிடம் சொல்கிற மாதிரி இல்லை.

வார்டில் அடுத்த கட்டில் அம்மாளை ஸ்கேனுக்கு அழைத்துப்போயிருந்தார்கள். அக்கா மறுபடியும் மெஷினை மாட்டிக்கொண்டிருந்தாள். தங்கை வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டிப் பெட்டியைத் திறந்தாள். காலிப் புட்டிகளை எடுத்து வைப்பது அவள் வழக்கம்.

நிறைந்த புட்டி கையில் வந்தது.

“என்னடி இது? சுண்டுவோடது அப்படியே இருக்கு.”

“அக்கா, அது வந்து…”

“குடிக்கலையா? வயித்துல தங்கலையா? வாந்தி எடுத்தாளா?”

“இல்லக்கா.”

“பழசாயிடுச்சா? காலைல அஞ்சு மணிக்கு எடுத்தது. வெயில்ல நின்னியா? ஐஸ் உருகிடுச்சா?” கேட்டுக்கொண்டே அக்கா மெஷினின் பொத்தானை அமுக்கினாள். நாலில் இருந்த எண் ஐந்தாகி, ஏழாகி, ஒன்பதில் நின்றது. அதற்குமேல் அதில் எண் இல்லை. “இரு. புதுசா எடுத்துத் தரேன். சூட்டோட கொண்டு போ. ஆட்டோ பிடிச்சுப் போ.”

“அவ்ளோ வெக்காதக்கா. நர்ஸ் ஆறுக்கு மேல வேணாம்னாங்க.”

“நர்ஸுக்கு என்ன? பட்டினி கெடக்கறது என் பொண்ணு.”

மெஷின் மாடுபோல இழுத்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தாள். வலது பக்கம் சொட்டுச் சொட்டாக வந்தது. சற்று நேரத்துக்கு முன்புதான் எடுத்திருக்கிறாள், எங்கிருந்து வரும்? இடது பக்கப் புட்டியில் விழுந்த பால் மெல்ல ரோஜா நிறமானது. பிறகு புனலின் ஓரத்தில் சிவப்பாகவே ஒரு கோடு இறங்கியது.

“அக்கா, ரத்தம்.”

“தெரியுது. ஒண்ணும் ஆகாது. இன்னும் இருபது மில்லி.”

தங்கை எழுந்து சுவரிலிருந்த ஸ்விட்சை அணைத்தாள். சத்தம் அறுந்தது. புனல்கள் தாமாகக் கழன்று அக்காவின் மடியில் விழுந்தன.

“ஏய், போடு. போடுங்கறேன்ல? உனக்கென்ன பைத்தியமா?”

தங்கை பேனாவை எடுத்து அக்கா கையில் வைத்தாள். நிறைந்த புட்டியை முன்னால் நகர்த்தினாள்.

“இதுல ஒண்ணுன்னு மாத்தி எழுதுக்கா. நீ எழுதினாத்தான் வாங்குவாங்க.”

“இது ரெண்டு.”

“ஒண்ணுன்னு எழுது.”

“தடியனுக்குத்தான் தனியா குடுத்தேனே. இதையும் அவனுக்கே குடுத்துட்டா, சுண்டு எதைக் குடிப்பா?”

அக்காவின் விரல்கள் பேனாவைச் சுற்றி இறுகியிருந்தன. அவள் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். தங்கை இந்த முறை கண்ணை எடுக்கவில்லை. ஒத்திகை பார்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை.

“பாப்பா செத்துட்டாக்கா. செவ்வாய்க்கிழமை காலைலயே.”