கலவை இறங்கும் முன்

விடியும் முன்பே நாலாவது தளத்தில் பன்னிரண்டு பேர் குத்துக்காலிட்டுக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். கொக்கி இரண்டு சுற்றுச் சுற்றும், ஒரு இழுப்பு, அடுத்த முடிச்சு. பனியில் நனைந்த கம்பி, கையுறையின் ஓட்டை வழியே விரலைக் கடித்தது. எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் கம்பி மேஸ்திரி, முடிச்சுகளைக் காலால் மிதித்துப் பார்த்தபடி வந்தாள். தளர்ந்த முடிச்சு அவள் பாதத்துக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது தளம்தான் அவளைத் தூங்கவிடவில்லை. அதற்கான கூலியைக் கம்பெனி நிறுத்திவிட்டது. ஒப்பந்தத்தில் உள்ளபடி நடுவரிடம் போனார்கள். அவர் இருதரப்பையும் கேட்டு, இருபத்தெட்டு நாளில் பணத்தைக் கொடு, மிச்சத் தகராறைப் பிறகு பேசிக்கொள் என்று எழுதிக் கொடுத்தார். கம்பெனி முதலாளி கொடுக்கவில்லை. கம்பி இடைவெளி அதிகம், வேலையே கோளாறு என்று கோர்ட்டில் சொல்லித் தடை வாங்கிவிட்டார். கம்பியோ கான்கிரீட்டுக்குள் கிடக்கிறது. ஊற்றும் முன் கம்பியை அளந்து போடவேண்டிய கையெழுத்தும் இல்லை. அன்று கான்கிரீட் கலவை லாரி வந்து நின்ற அவசரத்தில், "அப்புறம் போட்டுத் தரேன்க்கா" என்றார் கம்பெனி இன்ஜினியர். அவளும் தலையாட்டிவிட்டாள். அந்தத் தலையாட்டலுக்குத்தான் இரண்டு மாதமாகப் பன்னிரண்டு வீடுகளில் அரைவயிறு. திங்கட்கிழமை மறுபடி விசாரணை.

ஏழு மணிக்குக் கலவை லாரி உறுமிக்கொண்டு வந்தது. பின்னாலேயே முதலாளியின் கார்.

"எறங்குங்க, எறங்குங்க," என்றார் இன்ஜினியர்.

"அளந்து கையெழுத்துப் போடுங்க சார், எறங்குறோம்."

"அப்புறம் பாத்துக்கலாம்க்கா."

"போன தடவ சொன்ன அப்புறமே இன்னும் வந்து சேரல சார்."

யாரோ சிரித்தார்கள். முதலாளி மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"கேஸ் கோர்ட்டுல இருக்கு. இங்க என்ன நாடகம்?"

"கோர்ட்டுல எடவெளி அதிகம்னு சொன்னீங்க. அதே கை, அதே கொக்கிதான் இது. இப்ப கண்ணுக்குத் தெரியுது, ப்ளான்ல ஆறு அங்குலம், அளந்து பாருங்க."

"நாளைக்கே வேற ஆள எறக்குவேன்."

நேற்றுச் சாயங்காலம் அவள் தம்பி கேட்டதும் இதைத்தான்: "இருக்குற வேலையும் போயிட்டா என்னக்கா பண்றது?" அக்கா திரும்பிப் பார்த்தாள். தம்பி கொக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, கம்பி மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"ஊத்துறதா இருந்தா எங்க மேல ஊத்துங்க," என்றான். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

"பம்ப்பைப் போடுடா!" முதலாளி கீழே பார்த்துக் கத்தினார்.

கலவையை மேலே ஏற்றும் பம்ப்பை ஓட்டுகிறவர் வேறு கம்பெனி ஆள். ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை அணைத்துவிட்டு, நிதானமாக மேலே வந்தார்.

"ஆளுங்க மேல ஊத்த எனக்கு லைசென்ஸ் இல்ல சார். லாரியில இருக்குறது இன்னும் ரெண்டு மணி நேரம் தாங்கும். அப்புறம் கல்லுதான்."

அக்கா டேப்பின் ஒரு முனையைக் கம்பியில் வைத்து, மறுமுனையை இன்ஜினியரிடம் நீட்டினாள். அவர் முதலாளியின் முகத்தைப் பார்த்தார். கை நீளவில்லை. பம்ப்காரர் அதை வாங்கிக் குனிந்தார்.

"ஆறு அங்குலம்." சட்டைப் பையிலிருந்து லோடு சீட்டை எடுத்து, அதன் பின்புறம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இது கோர்ட்டுல செல்லுமாண்ணே?" என்றாள் அக்கா.

"தெரியலம்மா. திங்கக்கெழம நானே வந்து சொல்றேன்."

பலகை அடிக்கும் தச்சர்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் படியேறி வந்தார்கள். "எங்கிட்டயும் பேனா இருக்குக்கா," என்றார் முன்னால் வந்தவர்.

கீழே லாரியின் வயிறு சுற்றிக்கொண்டே இருந்தது. அக்கா டேப்பை அடுத்த கம்பிக்கு நகர்த்தினாள்.