முந்நூற்றுப் பதினெட்டாம் எண் கைதி

"கழட்டுடான்னா கழட்டு. ஃபாதர் வர்றதுக்குள்ள."

மேரிராணி வாசலில் நின்று சொன்னது மகன் மேக்ஸ்வெல்லுக்குக் கேட்டது. அவன் மின்கம்பத்தில் ஃபிளெக்ஸின் நாலாவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"வேற போட்டோ இல்லம்மா. கம்பெனி கார்டுல அப்பா மொகமே தெரியல. இதுதான் பெருசு பண்ணா ஒடையாதுன்னாரு கடைக்காரரு."

'கண்ணீர் அஞ்சலி'க்குக் கீழே அருள்ஜோசப் கைதி உடுப்பில் நின்றார். மார்பில் 318.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கம்பெனியில் வேலையை விட்டு நிறுத்திய சமயம், ஒரு ஜெயில் படத்தில் நடித்தார். கைதி ஒருவர், வார்டர் ஒருவர், இரண்டு பேர்தான் படமே. ஓசூரில் நாலு நாள் ஓடியது. 'வேல தேடாம வேஷம் கட்டப் போனீங்களா' என்று கோபித்து மேரிராணி அதைப் பார்க்கப் போகவில்லை. ஐந்தாம் நாள் மனசு கேட்காமல் தனியாகப் போனாள். வேறு படம் போட்டிருந்தார்கள். போனதை அவரிடம் சொல்லவே இல்லை. நேற்று மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில் அவர் விழுந்துவிட்டார்.

சவப்பெட்டியின் தலைமாட்டில், நாகரசம்பட்டியிலிருந்து வந்த அவருடைய அத்தை ஜோதியம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"எந்த ஜெயிலும்மா? சேலமா? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"சினிமாவுல நடிச்சதுங்க அத்த."

"ஆமாமா. அப்படித்தான் சொல்லணும்."

அப்போது தோளில் பட்டை வைத்த உடுப்பும் தொப்பியுமாக ஒருவர் உள்ளே வந்தார். பெண்கள் ஒதுங்கினார்கள்.

"பாத்தியா," என்றாள் ஜோதியம்மாள் பக்கத்திலிருந்தவளிடம். "செத்தும் விடமாட்டேங்கறானுங்க."

மேரிராணிக்கு ஆளைத் தெரிந்தது. ராமப்பன், வேப்பனப்பள்ளிக்காரர். படத்தில் வார்டர், இப்போது சிப்காட்டில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தார். தொப்பியைக் கழற்றிப் பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றார்.

அவர் திரும்பியதும் மேரிராணி அடுக்களைப் பக்கம் கூப்பிட்டாள்.

"அண்ணா, அந்தப் படத்த நான் பாக்கல."

"சொல்லியிருக்காரும்மா."

"கோவமாவா?"

"சேச்சே. 'அவ பாத்திருந்தா நூறு தப்பு கண்டுபிடிச்சிருப்பா'ன்னு சிரிப்பாரு."

உள்ளே யாரோ ஜெபமாலையை ஆரம்பித்தார்கள். மேரிராணி குரலைத் தாழ்த்தினாள்.

"நல்லா நடிச்சாரா?"

ராமப்பன் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"கடைசியில அவரத் தூக்குக்கு நான்தான் கூட்டிட்டுப் போகணும். டைரக்டரு அழுங்கன்னாரு. இவரு அழல. எஞ்சட்டையில ஒரு பித்தான் கழண்டிருந்துச்சு. நின்னு அதப் போட்டுவிட்டாரு. எனக்குத்தான் அழுக வந்துருச்சு. 'கட்'னு சொல்லவே மறந்துட்டாங்க எல்லாரும்."

"எழுதிக் குடுத்ததா அது?"

"இல்லம்மா. அவரா செஞ்சது."

மேரிராணி குழாயைத் திறந்தாள். கை நனைக்காமலே மூடினாள்.

மேக்ஸ்வெல் எட்டிப் பார்த்தான். "ஃபாதர் வந்துட்டாரும்மா. கழட்டிடறேன்."

"வேணாம். இன்னும் மேல ஏத்திக் கட்டு. பஸ்ஸு போனா மறைக்குது."

"ஜோதிப் பாட்டி என்னமோ..."

"பேசட்டும். கட்டு."

ஃபாதர் உள்ளே போனார். பாட்டு எழுந்தது. மேரிராணி மட்டும் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று, நெற்றிக்கு மேல் கை வைத்து, அண்ணாந்து பார்த்தாள்.

கர்நாடக லாரி ஒன்று வேகம் குறைந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி ஃபிளெக்ஸைப் பார்த்தார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.