அக்கா மாற்றிய காயில்

“அப்ப காயில் இல்லடா, பிளக்தான்!” என்றாள் அக்கா, காரின் பானட்டுக்குள் தலையை விட்டபடியே.

ஸ்பேனருக்கும் அப்படித்தான் பட்டது. வீட்டில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை எல்லோரும் எப்போதோ விட்டுவிட்டார்கள். மிக்ஸி முனகினால்கூட ஸ்பேனரோடு கிளம்பி வருகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது?

இப்போது கையில் சிக்கியிருப்பது அப்பாவின் பழைய கார். நாலு சிலிண்டர், தலைக்கு ஒன்றாக நாலு இக்னிஷன் காயில். பேட்டரி தருகிற கொஞ்சூண்டு வோல்ட்டைப் பல்லாயிரமாகப் பெருக்கி, பிளக்கில் பொறி பறக்க வைப்பது அந்தக் காயில்தான். இரண்டாவது சிலிண்டர் எரியவில்லை என்று காரில் செருகிக் கோளாறு பார்க்கிற ஸ்கேனர் சொன்னது. வண்டி சளி பிடித்த எருமை மாதிரி குலுங்கியது.

இதற்குச் சோதனை ரொம்பச் சுலபம். இரண்டாவது காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் போட வேண்டும். கோளாறு மூன்றாவது சிலிண்டருக்குத் தாவினால் காயில்தான் குற்றவாளி. இரண்டிலேயே நின்றால் அது நிரபராதி. ஸ்பேனர் மாற்றினான், உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான், வண்டியைக் கிளப்பினான். கோளாறு அசையாமல் இரண்டிலேயே நின்றது.

நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. மதியம் பழைய கார் வியாபாரி வருகிறார். “அவர் வர்றதுக்குள்ள குலுங்காம ஓடுச்சுன்னா வண்டி உனக்கு. இல்லன்னா அவருக்கு” என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

ஓடிப்போய்ப் பிளக் வாங்கி வந்து மாட்டினான். அதே எருமை, அதே சளி.

“பிளக்கும் இல்லையா?” ஸ்பேனர் தரையில் உட்கார்ந்துவிட்டான். “நான்தான் ரெண்டையும் மூணையும் மாத்திப் பாத்தேனே!”

“நீ எங்கடா மாத்தின? நான்ல மாத்தினேன்!”

“என்னது?”

“காலையிலேர்ந்து ‘ரெண்டையும் மூணையும் மாத்தணும், மாத்தணும்’னு உயிரை வாங்கிட்டு இருந்த. சரி, தம்பி பாவம்னு, நீ தண்ணி குடிக்கப் போனப்ப நானே மாத்திட்டேன்.”

“அக்கா... நான் மாத்திட்டுத்தான் தண்ணி குடிக்கவே போனேன்.”

இருவரும் மெதுவாக எஞ்சின் பக்கம் திரும்பினார்கள். இரண்டாவது காயில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தன் வீட்டுக்கே திரும்பி வந்து, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி உட்கார்ந்திருந்தது.

“சொல்லிட்டுப் போறதுக்கென்ன?” என்றாள் அக்கா.

“சொல்லிட்டு மாத்துறதுக்கென்ன?” என்று கத்திக்கொண்டே மறுபடியும் கடைக்கு ஓடினான்.

உதிரிபாகக் கடைக்காரர் நிதானமாகக் கேட்டார். “ஒண்ணா, நாலா?”

“ஒண்ணு போதும்ணே.”

“நாலுக்கும் ஒரே வயசு தம்பி. ஒண்ணு படுத்துட்டா மத்தது எல்லாம் பாயை உதறிட்டு ரெடியா நிக்கும்.”

“அண்ணே, ஆள் வந்துருவாரு, ஒண்ணு குடுங்க!”

புதுக் காயில் உட்கார்ந்ததும் எஞ்சின் வெண்ணெயாய் ஓடியது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சரியாக அந்த நேரத்தில் வந்து இறங்கிய வியாபாரியிடம், வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அனுப்பினாரா? “வந்தது வந்துட்டீங்க, ஒரு ரவுண்டு வாங்க. எம்புள்ள கைவண்ணத்தப் பாருங்க!” என்று முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார். பின்சீட்டில் ஸ்பேனர், மாப்பிள்ளை ஊர்வலம் போகிற தோரணையில்.

தெருமுனை தாண்டியதும் நாலாவது காயில் படுத்துவிட்டது. வண்டி மறுபடியும் குலுங்கியது.

“சா-சா-சார்,” என்றார் வியாபாரி. மூக்குக் கண்ணாடி மீசைக்கு இறங்கியிருந்தது. “இந்தத் த-தகர டப்பாவ நான் எடுத்துட்டுப் போறதே உங்களுக்குச் செய்ற உ-உதவி!”

ஸ்பேனர் கண்ணை மூடிக்கொண்டான். முடிந்தது கதை. வண்டி அவருக்குத்தான்.

அப்பா ஓரமாக நிறுத்தினார். “என் வண்டிய நான் ஆயிரம் திட்டுவேன். நீங்க யாருங்க? எறங்குங்க.”

“சார், நாம நடுரோட்டுல...”

“எறங்குங்கன்னா எறங்குங்க!”

அவர் இறங்கி நடந்தார். அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே சாவியைப் பின்சீட்டுப் பக்கம் நீட்டினார். “மிச்சம் மூணையும் வாங்கி மாட்டு. வண்டி உனக்குத்தான். இன்னொரு தடவ என்னைக் குலுக்குச்சு, அந்தாளுகிட்ட உன்னைத்தான் வித்துருவேன்!”

ஸ்பேனர் மூன்றாம் முறையாகக் கடைப்படி ஏறினான். காலையில் வாங்கிய கம்பெனி தீர்ந்துவிட்டதாம். இருப்பது இரண்டு வகை. ஒன்று கறுப்பு; பார்க்க அழுமூஞ்சி, ஆனால் உழைக்கும் என்கிறார் கடைக்காரர். இன்னொன்று பளபளவென்று சிவப்பு, மேலே மின்னல் படம், ‘ரேஸிங்’ என்று எழுத்து. “சிவப்புல சிவப்புதான் ஜாஸ்தி தம்பி, பவர் அதேதான்” என்றும் அவரே சொல்கிறார். அக்காவோ போனில், “சிவப்பு வாங்குடா, சிவப்பு, சிவப்பு!” என்று காதைக் கிழிக்கிறாள்.

ஒரு கையில் கறுப்பு, ஒரு கையில் சிவப்பு. மனசு மின்னலையே பார்க்கிறது, முதுகு அப்பாவின் மிரட்டலை நினைத்துப் பார்க்கிறது. சொல்லுங்களேன், நீங்களாக இருந்தால் எதை எடுப்பீர்கள்?