பதினான்காம் அத்தியாயம்

நாச்சம்மாள் பேனாவை அழுத்தி இழுத்தாள். கயிற்றுக் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்த அவள் புருஷன் சின்னையன் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"அடிச்சாச்சா?"

"ஆச்சுங்க."

"முழுசுமா?"

"முழுசுந்தானுங்க."

கோடு விழுந்தது மடியில் கிடந்த போன வருஷத்துப் பஞ்சாங்கத்தின் அட்டைமேல். கையெழுத்துப் பிரதியின் பதினான்காம் அத்தியாயத்தில் ஒரு புள்ளிகூட விழவில்லை. சத்தம் கேட்கட்டும் என்று இன்னும் நாலைந்து கோடு இழுத்தாள்.

"பக்கத்துக்கு ஒத்தக் கோடு போதும் புள்ள. எதுக்கு இத்தன அடிக்கறே?"

அவள் பேனாவை நிறுத்தினாள். மூச்சை இழுத்து விடுவதே அவருக்குப் பெரிய வேலையாக இருந்தது. இருதயம் வீங்கி, காலில் நீர் இறங்கி, பக்கத்துச் சித்தூர் ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சர்க்கரை வியாதியில் பார்வை அதற்கு முன்பே போய்விட்டது. அதிலிருந்து அவருக்கு வாசிப்பதும் எழுதுவதும் நாச்சம்மாள்தான். கொழிஞ்சாம்பாறைப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்திருந்தாள்.

கடலைக்காட்டு வேலை முடிந்து வந்து, கை கால் கழுவி, அரிக்கேன் விளக்கடியில் உட்கார்ந்து அவர் எழுதிய நாவல் அது. வறண்ட மேட்டுக்காட்டில் ஒரு குடும்பம் கிணறு வெட்டுகிற கதை. மெட்ராசுக்கு அனுப்பினார், திரும்பி வந்தது. இன்னொரு இடத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து வந்தபோது கட்டிய நூல்கூட அவிழ்க்கப்படாமல் இருந்தது. அதற்குப் பிறகுதான் யாரோ சொல்லி, கோயமுத்தூர் மரியஜோசப்பைத் தேடிப் போனார். அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவர். இப்போது எழுதுகிறவர்களைப் பதிப்பாளர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அவருக்கு வேலை.

மரியஜோசப் ஒருமுறை பஸ் பிடித்து இங்கேயே வந்து, இதே கட்டிலில் உட்கார்ந்து மோர் குடித்தபடி பேசினார்.

"ஒரே நேரத்துல மூணு பேருக்கு அனுப்பாதீங்க. கூட வெக்கற கடுதாசி அரைப் பக்கத்துக்கு மேல வேண்டாம். சொந்தக்காரங்க படிச்சுட்டு அழுதாங்கன்னெல்லாம் அதுல எழுதப்படாது. முடியாதுன்னு பதில் வந்தா மறு கடுதாசி போட்டு மல்லுக்கு நிக்காதீங்க. மொதப் பத்துப் பக்கத்துலயே கடப்பாரை பாறையில படோணும். பேப்பர் கெடைக்கற லட்சணத்துல இத்தாச் சோட்டுக் குண்டுப் புஸ்தகத்த எவனும் போடமாட்டான். பாதியாக் கொறைங்க."

சின்னையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் மரியஜோசப் மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பதினாலாவது அத்தியாயம் வேண்டாமுங்க" என்றார். அதற்குப் பிறகு இருவரும் வாசல் பக்கம் போய்விட்டார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்று நாச்சம்மாளுக்குத் தெரியாது.

அந்த அத்தியாயத்தில் ஒரு பெண்குழந்தைக்குக் காய்ச்சல் வரும். மழையில் ஆற்றைத் தாண்ட முடியாமல் வண்டி கரையிலேயே நிற்கும். விடிவதற்குள் குழந்தை போய்விடும். கதையில் வேறு பெயர்தான். ஆனாலும் அது அவர்களுடைய பூவாத்தாள். அவளைப் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து சின்னையன் அவளைப் பற்றி வாய் திறந்ததில்லை. பேச்சு வந்தால் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். அவர் பேசியதெல்லாம் அந்தப் பக்கங்களில்தான்.

"பதினஞ்சப் படி" என்றார்.

அவள் படித்தாள். கிணற்றில் வெடி வைக்கிற இடம். தப்பாகப் படித்தால் உடனே திருத்துவார். ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தாள். அவர் திருத்தவில்லை. நிமிர்ந்து பார்க்காமல் அந்தப் பக்கத்தைக் கடைசி வரை படித்து முடித்தாள். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய், கொழுந்தன் மனைவி முத்தாத்தாளைக் கூப்பிட்டாள்.

மறுநாள் காலையில் பாடை கட்டிக்கொண்டிருந்தபோது மரியஜோசப் வந்தார். அன்றைக்கு வந்து கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கொள்வதாக முன்பே பேச்சு. வேலிக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் பையோடு நின்றார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஆண்களோடு சுடுகாடு வரை நடந்து போனார்.

திரும்பி வந்து, கால் கழுவிக்கொண்டு தொட்டிக்கல்லில் உட்கார்ந்தவரிடம் நாச்சம்மாள் காகிதக் கட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இப்ப எதுக்குங்கம்மா? காரியமெல்லாம் முடியட்டும், நான் இன்னொரு நாளைக்கு வர்றேன்."

"இல்லீங்க, கொண்டு போயிருங்க. இன்னொரு நாளைக்குன்னா எனக்கு முடியாது." "பதினாலாவத அடிக்கச் சொன்னாருங்க. நான் அடிக்கல. அடிச்சுட்டேன்னு பொய் சொல்லிப்போட்டேன்."

மரியஜோசப் கட்டைப் பிரித்து, அந்தப் பக்கங்களைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார். கடைசிப் பக்கம் வரை படித்தார்.

"நல்லா எழுதலீங்களா?" என்று கேட்டாள்.

"இந்தப் புஸ்தகத்துலயே இதுதானுங்கம்மா நல்லாருக்குது."

"அப்பறம் ஏனுங்க?"

அவர் அந்தப் பக்கங்களைத் திரும்பக் கட்டுக்குள் செருகினார்.

"இதப் படிச்சதுக்கப்பறம் கெணத்துல தண்ணி வந்தா என்ன, வராட்டி என்னன்னு ஆயிருதுங்க. படிக்கறவன் இங்கயே உக்காந்துக்கறான், எந்திரிக்க மாட்டேங்கறான். கதை மேல போகோணுமில்லீங்களா? அவருகிட்டயும் இதத்தான் சொன்னேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"'எங்களுக்கும் அப்படித்தானுங்க ஆச்சு'ன்னாரு."

நாச்சம்மாள் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பந்தல் பிரிக்க வந்தவர்கள் மூங்கிலைக் கீழே போடுகிற சத்தம் கேட்டது.

"இருக்கட்டும்னு நீங்க சொன்னா இதையும் வெச்சே குடுத்துப் பாக்கறேன்" என்றார் மரியஜோசப். "திருப்பிக் குடுத்துட்டாங்கன்னா என்னய வையப்படாது."

அவள் குனிந்து அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் காகிதக் கட்டிலிருந்து உருவி எடுத்துக்கொண்டாள்.

"மத்தத கொண்டு போங்க."

"கோடு போட்டுத் தந்தாலும் போதுமுங்க."

"கோடெல்லாம் போடலீங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பதினைந்தைப் பதினாலு என்று திருத்தினார். பதினாறைப் பதினைந்து என்று திருத்தினார். கடைசி அத்தியாயம் வரை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு போனார். கை மெதுவாகத்தான் ஓடியது. முடித்ததும் கட்டைப் பைக்குள் வைத்து, எழுந்து கும்பிட்டுவிட்டு, கடலைக்காட்டு வரப்பு வழியாக பஸ்ஸுக்கு நடந்தார்.

முத்தாத்தாள் வந்து அவள் தோளைத் தொட்டாள்.

"கரண்டு வந்துருச்சுக்கா. மோட்டாரப் போட்டுட்டாங்க. வா, மறுக்கா போறதுக்குள்ள தலைக்கு ஊத்திக்க."

இருவரும் கிணற்றுமேட்டுக்கு நடந்தார்கள். அங்கே போன பிறகுதான் கையில் காகிதங்கள் இருப்பது நாச்சம்மாளுக்குத் தெரிந்தது. சுற்றிலும் ஈரம். கீழே வைக்க இடமில்லை.

"இதென்னக்கா?"

"செத்த நேரம் புடி."

முத்தாத்தாளுக்குப் படிக்கத் தெரியாது. வாங்கிக்கொண்டாள். நாச்சம்மாள் குழாய்க்குக் கீழே போய் உட்கார்ந்து தலையைக் குனிந்தாள். தண்ணீர் பிடரியில் விழுந்து நாலாபக்கமும் தெறித்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. முத்தாத்தாளும் கூப்பிடவில்லை. ஈரம் பட்டுவிடாமல் காகிதங்களை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.