ஒகாபேயின் இடது கை

நியூஜெர்சி ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் மல்யுத்தக் காட்சி நடந்த ஜிம்மில் கண்மணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து கர்ச்சீப்பைக் கசக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கணவன் மயில்சாமி பாப்கார்னை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரு ஜெயிப்பாங்கன்னு முன்னாடியே டிசைட் பண்ணிடறாங்க. நீ எதுக்கு டென்ஷன் ஆகற?"

"ஜெயிக்கறதுதாங்க ட்ராமா. கீழ விழறது நிஜம்."

அவளுக்குத் தெரியாதா? பிசியோதெரபிஸ்ட் அவள். ஒகாபே என்ற அந்த ஜப்பானிய மல்யுத்த வீரனின் கழுத்து இரண்டு மாதமாக அவள் பொறுப்பு. இளம் வீரர்களை வெளிநாட்டுக்கு அனுப்பி அடிபட்டுத் தேறவிடுவது அவனுடைய டோக்கியோ மல்யுத்தக் கம்பெனியின் வழக்கம். ஓரிரு வருஷத்தில் கூப்பிட்டுக்கொள்வார்கள், திரும்புகிறவன் நட்சத்திரம். இவனை மட்டும் அம்போவென்று விட்டுவிட்டார்கள், புண்ணியவான்கள். டெக்சாஸ், நியூஜெர்சி என்று வில்லன் வேஷம் கட்டியே தொண்ணூறுகள் முழுக்க ஓடிவிட்டன. இப்போது அந்தக் கம்பெனி முதலாளியே நேரில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பிடித்திருந்தால் ஜப்பானுக்கே திரும்ப அழைத்துக்கொள்வார்.

ஆனால் கழுத்து நரம்பு நசுங்கியதில் ஒகாபேயின் இடது கையில் பிடிமானமே இல்லை. அது அவனுக்கும் கண்மணிக்கும் மட்டும் தெரியும். நோயாளியின் விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது. சொல்லாமலிருக்கவும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. கை நழுவினால் முறியப்போவது எதிராளியின் கழுத்து என்று வியாழக்கிழமை அவனிடமே சொல்லிவிட்டாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

எதிராளி டேனி என்ற ஒல்லிப் புதியவன். அவனைத் தலைகீழாகத் தூக்கிப் போட்டு ஒகாபே ஜெயிப்பதாக ஏற்பாடு. தூக்கப்படுகிறவனும் சேர்ந்து எம்ப வேண்டும், அதுதான் அவர்கள் தொழில்முறை. டேனி எம்பினான். ஒகாபேயை நம்பி முழு உடம்பையும் ஒப்படைத்தான்.

டேனி தலைகீழாக நின்ற கணத்தில் ஒகாபேயின் இடது விரல்கள் பிரிந்தன. கண்மணி எழுந்துவிட்டாள்.

ஒகாபே வலது கையாலேயே அவனை மார்போடு அணைத்து, மெதுவாகச் சாய்த்து, காலூன்றி நிற்கவைத்தான். அவன் காதில் ஏதோ சொன்னான். பிறகு தானே மல்லாந்து விழுந்தான். டேனி திருதிருவென்று விழித்தபடி அவன் மேல் படுத்தான். நடுவர் தயங்கித் தயங்கி மூன்று எண்ணி, டேனி ஜெயித்ததாக அறிவித்தார்.

முதலாளி கோட்டை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். ஒகாபே படுத்த இடத்திலிருந்தே அதைப் பார்த்தான்.

வில்லன் தோற்ற குஷியில் கூட்டம் மொத்தமும் எழுந்து, "ஊருக்குப் போடா, ஊருக்குப் போடா" என்று ஆங்கிலத்தில் கத்தத் தொடங்கியது. மயில்சாமியும் கைதட்டிச் சேர்ந்துகொண்டான். கண்மணி அவன் வாயைப் பொத்தினாள்.